நெசவுப் போட்டியில் பிறந்த அறுவடைத் திருநாள்

நமக்குப் பொங்கல் மாதிரி கொரியாக்காரர்களுக்கு சூசோக். அவர்களுடைய சந்திர நாட்காட்டியில் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள், முழு நிலவன்று வரும். புது அரிசி மாவுக்குள் எள், பயறு வைத்து 'சோங்பியோன்' என்று ஒரு பலகாரம் செய்வார்கள். நம்ம பூரணக் கொழுக்கட்டையேதான்! காலையில் முன்னோருக்குப் படையல் போட்டு, பிறகு கல்லறைக்குப் போய் வணங்குவார்கள்.

ஆனால் இதைப் பற்றிய பழைய குறிப்பில் வருவது நெசவு! 1145-ல் கிம் பூசிக் தொகுத்த 'சம்குக் சாகி' என்ற வரலாற்று நூலில் இருக்கிறது. கி.பி. 32-ல் சில்லா நாட்டு அரசர் யூரி, தலைநகரின் ஆறு பகுதிப் பெண்களை இரண்டு அணிகளாகப் பிரித்தாராம். ஓர் அணிக்கு ஓர் இளவரசி தலைவி. ஒரு மாதம், தினமும் விடியற்காலையில் கூடி இரவு பத்து மணி வரை வேலை. திருப்பூர்க் கணக்கில் ஒன்றரை ஷிப்டுக்கும் மேல்! முழு நிலவன்று தோற்ற அணி விருந்து வைக்க வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து ஆட்டம், பாட்டம். இதன் பெயர் 'கபே' (காபிக் கடை இல்லைங்க).

ஆயிரத்து நூறு வருடம் கழித்து எழுதியது என்பதால் அந்த வருடத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கதையில் ஒரு விஷயம் கவனியுங்கள். சேர்ந்து வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் பந்தியில் இடம் உண்டு, ஜெயித்தாலும் தோற்றாலும்.

இன்றைய சூசோக் சொந்த ஊருக்குப் போகும் பண்டிகை. 1989 முதல் மூன்று நாள் அரசு விடுமுறை. 2004-ல் கொரியா தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கை உட்படப் பல நாட்டுத் தொழிலாளர்கள் அங்கே போகிறார்கள். ஊரே கிளம்பிப் போகும்போது அவர்களுக்குப் போக வீடு இல்லை. யாராவது கூப்பிட்டால்தான் அவர்களுக்கும் பண்டிகை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்ம முதலிபாளையத்தைப் பாருங்கள். பொங்கலுக்குத் தென்மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். ஒடிசா, பீகார் ஆட்களில் பலர் ரூமிலேயே இருப்பார்கள். மேற்கு ஒடிசாவுக்கும் ஓர் அறுவடைத் திருநாள் உண்டு, பெயர் நுவாகாய். விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள், புது அரிசியைச் சாமிக்குப் படைத்துவிட்டுப் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குவார்கள். நம்ம பனியன் கம்பெனிகளுக்கு அது சாதாரண வேலை நாள்.

பக்கத்து மிஷினில் இருப்பவருக்கு அன்று பண்டிகை என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நுவாகாய் அன்று ஒரு வாழ்த்துச் சொல்லலாம். பொங்கலன்று ஒரு தட்டு சர்க்கரைப் பொங்கல் கொடுக்கலாம். யூரி அரசர் காலத்துப் பந்தியும் அப்படித்தானே, சேர்ந்து நூல் திரித்தவர்களுக்காகப் போட்டதுதானே!