அலமாரிக்குள் போன புகார்கள்

ஜப்பானில் ஒரே அச்சில் வரிசையாகத் தயாரிக்கப்பட்ட முதல் கார் மிட்சுபிஷியின் 'மாடல் ஏ'. 1917இல் கோபே நகரக் கப்பல் தளத்தில் அதன் வேலை தொடங்கியது. இத்தாலியின் ஃபியட் காரை முன்மாதிரியாக வைத்து, பெரும்பாலும் கையாலேயே செய்த வண்டி அது. இறக்குமதியான அமெரிக்கக் கார்களைவிட விலை அதிகம். 1921 வரை வெளிவந்தவை மொத்தம் 22 வண்டிகள்தான். கப்பல், சுரங்கம், வங்கி எனப் பரந்து கிடந்த மிட்சுபிஷிக் குழுமத்துக்கு அன்று கார் ஒரு பக்கத் தொழில்கூட அல்ல. கார் போனபின் பேருந்தும் லாரியும் நிலைத்தன. பிற்காலத்தில் இந்தக் கம்பெனியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய 'ஃபூசோ' என்ற பெயர் 1932இல் செய்த ஒரு பேருந்திலிருந்து வந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றபின், பெருங்குடும்பங்களின் கையிலிருந்த தொழில் குழுமங்களை நேசநாட்டு ஆக்கிரமிப்பு நிர்வாகம் கலைத்தது. 1950இல் மிட்சுபிஷி கனரகத் தொழிற்சாலை மூன்று துண்டானது. போர் விமானம் செய்த கைகள் 'சில்வர் பிஜன்' என்ற ஸ்கூட்டரையும், சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டியையும் செய்தன. குண்டுவீச்சு விமானங்கள் உருவான மிசுஷிமா ஆலையில்தான் அந்த மூன்று சக்கர வண்டி பிறந்தது. அமெரிக்க ஜீப்பை உதிரிகளாக வாங்கிப் பூட்டும் வேலை 1953இல் வந்தது. 1960இல் 'மிட்சுபிஷி 500' என்ற சிறிய கார் சந்தைக்கு வந்தது. பிரிந்த மூன்று கம்பெனிகளும் 1964இல் மறுபடி ஒன்றாயின. 1970 ஏப்ரல் 22 அன்று கார்ப் பிரிவு மட்டும் தனியே பிரிந்து மிட்சுபிஷி மோட்டார்ஸ் ஆனது. மறு ஆண்டே அமெரிக்காவின் கிரைஸ்லர் அதில் 15 சதவீதப் பங்கை வாங்கியது.

இந்தப் பிறப்பு வரிசையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டொயோட்டாவும் ஹோண்டாவும் தெருவில் கார் வாங்க வந்தவரை நம்பி வளர்ந்தவை. மிட்சுபிஷி மோட்டார்ஸ் பெரிய வீட்டுப் பிள்ளை. கடன் கொடுக்கக் குழுமத்தின் வங்கி, வெளிநாட்டில் விற்கக் குழுமத்தின் வணிக நிறுவனம், வாங்குவதற்குக் குழுமக் கம்பெனிகளின் ஊழியர்கள் என எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தன. வாடிக்கையாளரின் முகச்சுளிப்பு கல்லாப்பெட்டியைத் தொடச் சற்று நேரமாகும் ஒரு அமைப்பு இது. பின்னால் நடந்த பலவற்றுக்கு இதுவே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இதை விட்டுவிட்டு அவற்றைப் புரிந்துகொள்வதும் கடினம்.

பொறியியலில் கம்பெனி சோடை போகவில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இயல்பாக எழும் அதிர்வை எதிர்ச் சுழற்சியால் அடக்கும் இரட்டைச் சமன் தண்டுகளை 1970களில் அது நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த உரிமையைப் பின்னாளில் ஜெர்மனியின் போர்ஷேவே பணம் கொடுத்து வாங்கியது. கென்யாவின் சீக்கிய ஓட்டுநர் ஜோகிந்தர் சிங் 1974இலும் 1976இலும் லான்சர் காரில் சஃபாரி ராலியை வென்றார். 1982இல் வந்த பஜீரோ, டக்கார் பாலைவன ஓட்டத்தில் 1985இல் முதன்முதலாக வென்றது. அந்த ஓட்டத்தில் மிட்சுபிஷியின் மொத்த வெற்றிகள் 12. ஃபின்லாந்தின் டொம்மி மாக்கினன் 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து லான்சர் எவல்யூஷனில் உலக ராலி பட்டத்தைத் தக்கவைத்தார். கொரியாவின் ஹூண்டாய் போனி ஓடியது மிட்சுபிஷி எஞ்சினில். மலேசியத் தமிழர்கள் நன்கறிந்த புரோட்டோன் சாகா, 1985இல் லான்சரின் உடம்போடு வந்த கார்.

தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998இல் திருவள்ளூர் ஆலையிலிருந்து லான்சரை வெளியிட்டது. ஓட்டியவர்கள் அதன் சாலைப் பிடிப்பைப் புகழ்ந்தார்கள். உதிரி பாகத்தின் விலையையும், ஊருக்கு ஒன்று என்றுகூட இல்லாத சர்வீஸ் நிலையங்களையும் நொந்துகொண்டார்கள். அதே ஆலையில் இப்போது சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன.

பெருமைக்குரிய கண்டுபிடிப்புகளிலிருந்தே உரிமையாளர்களின் பழைய புகார்கள் சில முளைத்தன. அதிர்வை அடக்கும் அந்தச் சமன் தண்டைச் சுழற்ற ஒல்லியான ஒரு பெல்ட் உண்டு. அது அறுந்தால் சும்மா விழாது; பக்கத்தில் ஓடும் டைமிங் பெல்ட்டில் போய்ச் சிக்கும். டைமிங் பெல்ட் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் இரண்டு பெல்ட்டையும் ஒரே தவணையில் மாற்றச் சொல்வதன் காரணம் இது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் நார்மல் நகரில் கட்டப்பட்ட எக்லிப்ஸ் கார்களில் இன்னொரு கோளாறு. 1990களின் நடுவில் வந்த டர்போ வண்டிகள் சிலவற்றில் கிராங்க் தண்டு தன் பேரிங்கைத் தின்று முன்னும் பின்னும் நகரத் தொடங்கும். வளைவில் திரும்பும்போது கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொள்வது அதன் அறிகுறி. 1996இல் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின் வந்தது. சிக்கனம் என்று விளம்பரமானது; வாங்கியவர்களோ உட்புறம் கரி படிவதையும், நின்ற இடத்தில் வண்டி நடுங்குவதையும் கண்டார்கள்.

இவை எந்தக் கார் கம்பெனிக்கும் வரக்கூடிய குறைகள். வந்த புகாரைக் கம்பெனி எங்கே வைத்தது என்பதில்தான் மிட்சுபிஷியின் கதை மற்றவற்றிலிருந்து விலகுகிறது.

ஜப்பானில் குறையுள்ள வண்டிகளை அரசுக்குத் தெரிவித்துத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் முறை 1969இல் வந்தது. 2000 ஜூன் மாதம் போக்குவரத்து அமைச்சகத்துக்குப் பெயர் சொல்லாத ஒருவரிடமிருந்து தகவல் வந்தது. மிட்சுபிஷி மோட்டார்ஸ் வாடிக்கையாளர் புகார்களை மறைத்து வைத்திருக்கிறது, எங்கே என்றும் தெரியும் என்பதுபோல அந்தத் தகவல் துல்லியமாக இருந்தது. ஜூலையில் அதிகாரிகள் முன்னறிவிப்பின்றித் தலைமை அலுவலகத்துக்குப் போனார்கள். ஊழியர்களின் லாக்கர் அறையில் கத்தை கத்தையாகக் காகிதங்கள் கிடைத்தன. புகார்கள் வந்தவுடனேயே இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குக் காட்டத்தக்கவை ஒரு பக்கம்; 'ஹெச்' என்று குறியிட்டு ஒதுக்கியவை இன்னொரு பக்கம். கணினி வந்தபின் கணினியிலும் அதே பிரிவினை தொடர்ந்தது.

இப்படி மறைத்தது 1977 முதல் என்று தெரியவந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல், தலைவர்கள் மாறியும் வழக்கம் மாறவில்லை. பிரேக், கிளட்ச், எரிபொருள் கசிவு போன்ற உயிர்ப் பிரச்சினைகளும் ஒதுக்கிய கட்டில் இருந்தன. வண்டி வேறு வேலைக்காகப் பட்டறைக்கு வரும்போது, உரிமையாளருக்குச் சொல்லாமலே குறையுள்ள பாகத்தை மாற்றிவிடுவது நடைமுறையாக இருந்தது. அதாவது குறை இருப்பது கம்பெனிக்குத் தெரியும். சரிசெய்யும் வழியும் தெரியும். பட்டறைப் பக்கம் வராதவருக்கு மட்டும் தெரியாது. ஏறத்தாழ 6 லட்சத்து 90 ஆயிரம் வண்டிகள் இந்த மறைப்பில் சிக்கியிருந்தன. தலைவர் கட்சுஹிகோ கவாசோயே பதவி விலகினார். நீதிமன்றம் கம்பெனிக்கு விதித்த தண்டம் 40 லட்சம் யென். ஒரு நல்ல பஜீரோவின் விலை. அதே 2000இல் டைம்லர்கிரைஸ்லர் 34 சதவீதப் பங்கை வாங்கியது. மோசடி அம்பலமான பிறகு பேரம் பேசி விலையையும் குறைத்துக்கொண்டது.

எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று கம்பெனி சொன்னது. வரவில்லை.

2002 ஜனவரி 10 அன்று யோகோஹாமாவில் ஓடிக்கொண்டிருந்த மிட்சுபிஷி ட்ரெய்லர் லாரியின் முன்சக்கரம் கழன்று உருண்டது. ஏறக்குறைய 140 கிலோ எடையுள்ள அந்தச் சக்கரம் நடைபாதையில் பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்த ஓர் இளம் தாயின் மேல் மோதியது. அவர் இறந்தார்; இரண்டு பிள்ளைகளும் காயமடைந்தார்கள். கழன்றது போல்ட் மட்டுமல்ல. சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் ஹப் என்ற இரும்புப் பாகமே உடைந்திருந்தது. பராமரிப்புச் சரியில்லை, ஹப் அளவுக்கு மீறித் தேய்ந்திருக்கிறது என்று கம்பெனி லாரிக்காரர் மேல் பழியைப் போட்டது. தேய்மானம் 0.8 மில்லிமீட்டரைத் தாண்டினால் மாற்ற வேண்டும் என்று அளவுகோலும் சொன்னது. அந்த அளவுகூடத் தேயாத ஹப்புகளும் உடைந்திருந்தன. இதே மாதிரி உடைவுகள் 1992 முதலே நடந்திருந்தன. 1999இல் ஒரு நெடுஞ்சாலைப் பேருந்தின் சக்கரம் கழன்றபோதும், இனி இப்படி நடக்காது என்று அரசுக்குப் பதில் எழுதிக் கோப்பை மூடியிருந்தார்கள்.

அதே 2002 அக்டோபரில் யமகுச்சி மாவட்டத்தில் இன்னொரு லாரி. கிளட்ச் ஹவுசிங் வெடித்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட் கீழே விழுந்து பிரேக் குழாயை அறுத்தது. பிரேக் பிடிக்காத வண்டி மோதி ஓட்டுநர் இறந்தார். இந்தக் கோளாறும் மறைத்த கட்டில் இருந்ததுதான்.

லாரிப் பிரிவு 2003இல் மிட்சுபிஷி ஃபூசோ என்று தனியாகப் பிரிந்தது. ஹப்பின் வடிவமைப்பிலேயே குறை என்று அது ஒப்புக்கொண்டது 2004 மார்ச்சில். அடுத்த சில மாதங்களில் முன்னாள் அதிகாரிகள் கைதானார்கள். கவாசோயேவும் ஜூனில் கைதானார். யமகுச்சி மரணத்துக்காக 2008இல் அவருக்கு மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, நிறுத்தி வைக்கப்பட்டது. ஹப் வழக்கில் இரண்டு முன்னாள் ஊழியர்களின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது 2012 ஆகியிருந்தது. சட்டமும் இதற்குள் இறுகியது: குறையை மறைக்கும் கம்பெனிக்கு 20 கோடி யென் வரை அபராதம் என்றானது. எழுத்தாளர் ஜுன் இகெய்டோ இந்தச் சம்பவங்களைத் தழுவி, பழி சுமத்தப்பட்ட லாரிக்காரரின் பக்கமிருந்து எழுதிய நாவல் 2006இல் வெளிவந்து, பின்னர் திரைப்படமும் ஆனது.

2004 ஏப்ரலில் டைம்லர்கிரைஸ்லர் இனிப் பணம் போட மாட்டேன் என்று கையை விரித்தது. பெரிய வீடு மறுபடி வந்து தூக்கி நிறுத்தியது: குழுமத்தின் கனரகத் தொழிற்சாலையும் வணிக நிறுவனமும் வங்கியும் சேர்ந்து முதலீடு செய்தன. தூக்கிவிட ஆள் இருக்கும் பிள்ளைக்கு விழும் பயம் குறைவு என்ற விமர்சனம் அப்போதே ஜப்பானில் எழுந்தது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆலை 2008இலும், நார்மல் ஆலை 2015இலும் மூடப்பட்டன. இடையில் 2012இல் சிறிய கார்களின் எஞ்சினில் எண்ணெய் கசியும் புகாரை மெத்தனமாகக் கையாண்டதற்காக அமைச்சகம் மறுபடி கண்டித்தது. அந்தக் குறைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டவை 17 லட்சம் வண்டிகளுக்கு மேல்.

2016இல் வெளிவந்தது வேறு வகை. நிசானுக்காக மிசுஷிமா ஆலை செய்துகொடுத்த சிறிய கார்களின் மைலேஜ், அறிவித்த கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று நிசான் பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். விசாரித்தால், லிட்டருக்கு 26.4 கிலோமீட்டர் என்று தொடங்கிய இலக்கை, போட்டிக் கம்பெனியின் காரைப் பார்த்துப் பார்த்து ஐந்து முறை கூட்டி 29.2 ஆக்கியிருந்தார்கள். எஞ்சின் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. அதனால் சோதனை எண்களைக் கூட்டிக் குறைத்தார்கள். சட்டம் சொல்லாத முறையில் அளப்பது 1991 முதலே நடந்திருக்கிறது. சிக்கியவை 6 லட்சத்து 25 ஆயிரம் வண்டிகள். மிட்சுபிஷியின் 'ஈகே' கார் வைத்திருந்தவர்களுக்கு ஆளுக்கு 1 லட்சம் யென் இழப்பீடு கிடைத்தது. இங்கே உரிமையாளர்கள் மறைக்கப்பட்ட புகாரால் ஏமாறவில்லை. புகார் சொல்ல முடியாத ஒரு எண்ணால் ஏமாந்தார்கள். ஆய்வுக்கூட மைலேஜ் சாலையில் கிடைக்காது என்பது எல்லாருக்கும் பழகிப்போனது. வண்டி பெட்ரோல் அதிகம் குடித்தால் தன் ஓட்டத்தைத்தான் ஒருவர் நொந்துகொள்வார்.

தலைவர் டெட்சுரோ ஐகவா விலகினார். மோசடியைக் கண்டுபிடித்த நிசானே 23,700 கோடி யென் கொடுத்து 34 சதவீதப் பங்கை வாங்கியது. கம்பெனி ரெனோ-நிசான் கூட்டணிக்குள் சேர்ந்தது. ஜப்பானில் பஜீரோ விற்பனை 2019இல் நின்றது. அதைச் செய்த ஆலை 2021இல் மூடப்பட்டது. நிசானே தள்ளாடத் தொடங்கிய 2024 நவம்பரில், தன்னிடமிருந்த பங்கிலிருந்து, கம்பெனியின் மொத்தப் பங்குகளில் ஏறக்குறைய பத்து சதவீதத்தை மிட்சுபிஷிக்கே திருப்பி விற்றது.