உப்பும் கம்பளி மெழுகும்

டெட்ராய்ட் நகரத்துக்குக் கீழே, 1,100 அடிக்கும் அதிகமான ஆழத்தில், ஒரு உப்புச் சுரங்கம் இருக்கிறது. ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் வற்றிப்போன கடலின் மிச்சம் அது. 1906இல் குழி தோண்ட ஆரம்பித்து 1910இல் உப்பைத் தொட்டார்கள். சுரங்கத்துக்குள் ஓடும் லாரிகளை முழுசாக இறக்க முடியாது. மேலேயே பிரித்து, துண்டு துண்டாகக் குழிக்குள் இறக்கி, கீழே ஒரு பட்டறையில் மறுபடி பூட்டுவார்கள். உலகத்துக்கே கார் செய்து கொடுத்த நகரம், அந்தக் கார்களைத் தின்னப்போகும் பொருளின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கதையில் எழுதினால் எடிட்டர் 'கொஞ்சம் ஓவர்' என்று வெட்டியிருப்பார்.

ஆரம்பத்தில் அந்த உப்பு தோல் பதனிடவும் உணவுத் தொழிலுக்கும் போனது. சாலைக்குப் போகவில்லை. சாலையில் உப்பு போடலாம் என்ற யோசனையே பெரிய அளவில் பின்னால்தான் வந்தது. அதற்கு முன்னால் அமெரிக்காவின் வடகிழக்கில் பனியை அகற்றுவதே வழக்கமில்லை. குதிரைகள் இழுக்கும் பெரிய மர உருளைகளைப் பனிமேல் ஓட்டி அழுத்துவார்கள். சறுக்கு வண்டி வழுக்கிக்கொண்டு போக அது வசதி. கூரை போட்ட மரப் பாலங்களுக்குள் பனி விழாது என்பதால், ஆள் வைத்து உள்ளே பனியை அள்ளிக் கொட்டிய காலம் அது. மோட்டார் வண்டி வந்ததும் எல்லாம் தலைகீழானது. டயருக்குப் பனி வேண்டாம், தார் தெரிய வேண்டும்.

1938இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் சோதனையாகச் சாலையில் உப்பு போட்டுப் பார்த்தது. 1941-42 குளிர்காலத்தில் நாடு முழுக்கச் சேர்த்தே 5,000 டன்தான். போர் முடிந்தது, புறநகர்கள் முளைத்தன, எல்லோருக்கும் கார், எல்லோருக்கும் காலை எட்டு மணிக்கு ஆபீஸ். 1955இல் அது 10 லட்சம் டன். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு கோடி டன்னை நெருங்கிவிட்டது. இப்போது வருடத்துக்குச் சுமார் இரண்டு கோடி டன். உப்பு போட்ட சாலையில் விபத்து குறைகிறது, அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் இதைப் பற்றிப் பேசுவது சிக்கலாக இருக்கிறது. உயிரைக் காப்பாற்றும் உப்புதான் பிரேக் குழாயையும் அரிக்கிறது.

நான் மிஷிகனுக்கு வேலைக்கு வந்து எட்டு குளிர்காலம் ஆகிறது. கார் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் ஆயிரக்கணக்கான தமிழர்களில் ஒருவன். டிராய், நோவி, கேன்டன் பக்கம் இட்லி மாவு கிடைக்காத கடையில்லை. எங்கள் வேலை எல்லாம் டாஷ்போர்டுக்கு மேலேதான்: திரை, சென்சார், அப்டேட். வண்டிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று எங்கள் மீட்டிங்குகளில் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதைக் காட்டியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். கார் தொழிற்சாலையில் முப்பது வருடம் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

தூத்துக்குடிக்காரர் ஒருவர், எனக்கு சீனியர், ஒரு பழைய பிக்-அப் டிரக் வாங்க ஆசைப்பட்டார். "தம்பி, பெயின்ட் எல்லாம் பளபளன்னு இருக்கு. ஒரே ஓனர். நீயும் வந்து பாரு" என்றார். "அண்ணே, எனக்கு என்ன தெரியும்? பக்கத்து வீட்டு ஐயாவக் கூட்டிட்டுப் போவோம்" என்றேன். பெரியவர் இன்ஜினைத் திறந்தே பார்க்கவில்லை. டார்ச்சும் ஒரு சின்ன சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்தார். சேசிஸை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் மாறியது. அழுகிய பூசணிக்காயைத் தட்டியது மாதிரி. இன்னொரு தட்டு. சுத்தியல் முனை உள்ளே போய்விட்டது. விற்க வந்தவர் முகத்தில் நிஜமாகவே அதிர்ச்சி, அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. "உப்பளத்துப் பக்கத்துல பொறந்து வளர்ந்தவன்டா நான், எனக்கே இப்படியா?" என்று வழியெல்லாம் அண்ணன் புலம்பிக்கொண்டு வந்தார்.

ஏன் அந்த இடம்? பிக்-அப் டிரக்கின் அமைப்பு அப்படி. காருக்கு உடலும் எலும்பும் ஒன்றே. டிரக்குக்கு ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் உடல். சட்டத்தின் பல பகுதிகள் பெட்டிபோல மூடியவை. டயர் வாரியடிக்கும் உப்புச் சேறு ஓட்டைகள் வழியே உள்ளே போகும், வெளியே வராது. இரும்பும் தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. அதில் உப்பு கரைந்தால் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், வினை வேகம் பிடிக்கும். கடும் குளிரில் வினை மந்தமாகத்தான் நடக்கும். வண்டியைக் கொண்டுபோய்க் கதகதப்பான கராஜில் நிறுத்துகிறவர் தன்னறியாமல் துருவுக்கு அடுப்பு மூட்டுகிறார். இப்போதெல்லாம் பனி விழுவதற்கு முன்பே உப்புக் கரைசலைத் தெளிக்கிறார்கள். சில இடங்களில் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு. இவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுப்பவை. சாலை காய்ந்த பிறகும் சட்டத்துக்குள் காய்வதில்லை.

ஆக, உள்ளிருந்து வெளியே துருவேறுகிறது. கண்ணுக்குத் தெரியும்போது கதை முடிந்திருக்கும்.

இதற்கு ஜனங்கள் கண்ட முதல் வைத்தியம் மிகப் பழையது: எண்ணெய். நியூ இங்கிலாந்திலும் கனடாவின் கியூபெக் பக்கமும் விவசாயிகள் இலையுதிர்காலத்தில் பழைய இன்ஜின் ஆயிலை டிரக்கின் அடியில் பூசினார்கள். நம்மூர் லாரிப் பட்டறையில் 'வேஸ்ட் ஆயில்' என்பார்களே, அதேதான். பூசிவிட்டு நேரே மண் ரோட்டுக்கு ஓட்டிப் போவார்கள். புழுதி எண்ணெயில் ஒட்டி ஒரு மேலோடு மாதிரி ஆகும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் வேலை செய்தது. சிலர் ஆளிவிதை எண்ணெய் பூசினார்கள். காற்றுபட்டுக் கெட்டியாகும் எண்ணெய் அது. பழைய ஆயிலின் குற்றம் அது சொட்டும் என்பது. தேய்ந்த உலோகத் துகளும் எரிந்த மிச்சமும் கலந்த கழிவு மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். ஒரு முறை மாற்றிய ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பல வருடங்களாக எச்சரிக்கிறது. வேலை செய்கிறது என்பது வேறு, செய்யலாம் என்பது வேறு.

இரண்டாவது வைத்தியம் வியாபாரமாக வந்தது. 1959இல் டெட்ராய்டில் கர்ட் ஸீபார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி ஒரு முறையைக் கொண்டுவந்தார். கதவு, தூண் போன்ற மூடிய பகுதிகளில் சின்னத் துளை போட்டு, நீளமான குழலை உள்ளே விட்டு, துருத்தடுப்புப் பூச்சைப் பீய்ச்சுவது. பிறகு துளையை பிளாஸ்டிக் மூடியால் அடைப்பது. யோசனை சரியானது, துரு உள்ளேதான் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்திருந்தது. எழுபதுகளில் கார்கள் நாலைந்து வருடத்தில் ஓட்டையானபோது இந்தத் தொழில் செழித்தது. கனடாவில் 'துருப்பிடித்த ஃபோர்டு உரிமையாளர்கள்' என்று சங்கமே வைத்துப் போராடினார்கள்.

அதே காலத்தில் ஒரு மலிவான போலியும் பரவியது. ஷோரூமில் கையெழுத்து போடும்போது கூடுதலாகத் தலையில் கட்டும் கறுப்புத் தார்ப் பூச்சு. பார்க்க அழகு, கல் பட்டால் சத்தம் வராது. ஆனால் காய்ந்து கெட்டியாகி வெடிக்கும். வெடிப்பு வழியே உப்புத் தண்ணீர் உள்ளே போய்ப் பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவில் தங்கிவிடும். இரண்டு மூன்று வருடம் கழித்து உரித்தால் கறுப்புத் தோலோடு இரும்பும் செதில் செதிலாக வரும். என் கணிப்பில், துருத்தடுப்புக்கே கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்தது இந்தக் கறுப்புத் தார்தான். இன்றும் கடைகளில் ரப்பர் கலந்த ஸ்ப்ரேயாகக் கிடைக்கிறது. ஏற்கெனவே துரு தொட்ட சட்டத்தில் அதை அடிப்பது, பிழையைத் திருத்தாமல் எரர் மெசேஜை மட்டும் மறைப்பதற்குச் சமம்.

எண்பதுகளில் கம்பெனிகள் துத்தநாகம் பூசிய தகடுகளுக்கு மாறின. கதவும் பானெட்டும் பிழைத்தன, எல்லோரும் துருவை மறந்தார்கள். ஆனால் டிரக்கின் சட்டம் பெரும்பாலும் பழைய இரும்பாகவே இருந்தது. மேலே ஒரு பெயின்ட், இல்லையென்றால் மெழுகுப் பூச்சு, அவ்வளவுதான். மெழுகு சில வருடத்தில் பொருக்காக உதிரும். உடல் புதுசு மாதிரி, எலும்பு புற்று. அண்ணன் பார்த்த டிரக் அந்த ரகம்.

இதன் கணக்கு கோர்ட்டில்தான் தெரிந்தது. டொயோட்டா 2008இல் தன் பழைய டகோமா டிரக்குகளின் சட்டத்துக்கு 15 ஆண்டு உத்தரவாதம் நீட்டித்து, மோசமானவற்றைச் சந்தை மதிப்பின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. எட்டு ஆண்டு கழித்து, அடுத்த தலைமுறை டிரக்குகளுக்காக வந்த வழக்கில், சுமார் 15 லட்சம் வண்டிகளுக்கு 340 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்ட சமரசத்துக்கு ஒத்துக்கொண்டது. சட்டத்தில் 10 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் சட்டத்தையே மாற்றித் தர வேண்டும். ஒரு விரல் நுனி அளவு ஓட்டை.

பிரேக் குழாய் விஷயம் வேறு மாதிரி முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் 1999 முதல் 2003 வரையிலான சுமார் 50 லட்சம் டிரக்குகள், எஸ்யூவிகளில் பிரேக் குழாய் துருப்பிடித்து வெடிக்கிறது என்ற புகார்களை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு முகமை பல வருடம் விசாரித்தது. 2015இல் விசாரணையை மூடியது. தயாரிப்புக் குறை இல்லை, வயதான வண்டியின் தேய்மானம் என்றது. உப்புச் சாலை மாநிலங்களில் இருப்பவர்கள் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுங்கள், குழாயைப் பாருங்கள் என்று அறிவுரையும் சொன்னது. உப்பு போடுவது அரசு, வண்டி விற்பது கம்பெனி, அடியில் படுத்துப் பார்ப்பது மட்டும் நீங்கள். மிஷிகனில் வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனையும் கிடையாது. பிரேக் பெடல் தரையைத் தொடும் அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிகிறது.

அதனால்தான் கையால் பூசும் பழக்கம் திரும்ப வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் ஓடும் வண்டிகளின் சராசரி வயது 12 ஆண்டைத் தாண்டிவிட்டது. புது டிரக் விலை ஒரு காலத்து வீட்டு விலை. இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். இப்போதைய விருப்பமான பொருள் லேனோலின், செம்மறியாட்டுக் கம்பளியிலிருந்து கிடைக்கும் மெழுகு. 1882இல் ஜெர்மனியில் பிரவுன், லீப்ரைக் என்ற இருவர் அதைச் சுத்திகரித்துக் காப்புரிமை வாங்கினார்கள். முகக் களிம்புக்கும் பால் கொடுக்கும் தாய்மாரின் மார்புப் புண்ணுக்கும் போன பொருள். மழையில் நனையும் ஆட்டுக்கு உடம்பு ஊறாமல் இருக்க இயற்கை கொடுத்த பூச்சு, கப்பல்களின் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் போய், அங்கிருந்து ஃப்ளூயிட் ஃபிலிம் போன்ற பெயர்களில் டிரக்குக்கு வந்தது. தார் மாதிரி காயாது. மெதுவாக ஊர்ந்து மடிப்புகளுக்குள் போகும். கீறல் விழுந்தாலும் தானே கொஞ்சம் மூடிக்கொள்ளும். குறை, வருடா வருடம் பூச வேண்டும். வாசமும் உண்டு: முதல் வாரம் கராஜில் ஆட்டுப்பட்டி.

பெரியவர் செப்டம்பரில் நாள் பார்ப்பார். அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் ஓட்டிக் காயவிடுவார். ஈரத்தின் மேல் பூசினால் ஈரத்தைப் பூட்டி வைத்த மாதிரி. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு போட்டே தீர வேண்டும் என்பதில் கறார். கம்ப்ரசரும், நுனியில் எல்லாப் பக்கமும் பீய்ச்சும் வளையும் குழலும் வைத்திருக்கிறார். சட்டத்தின் உட்புறத்துக்குத்தான் முதல் மரியாதை, வெளிப்புறம் பிறகு. பிரேக் டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையால் மூடுவார்; சைலன்சர் குழாயைத் தொடமாட்டார்; எண்ணெய் தாங்காத ரப்பரில் படாமல் பார்ப்பார், அது ஊதிப் பெருக்கும். தண்ணீர் வடியும் துளைகள் அடையாமல் ஒரு கம்பியால் குத்திவிடுவார். மொத்தம் ஒரு மதியம். அவருடைய டிரக்குக்கு இருபது வயது, சுத்தியலால் எங்கே தட்டினாலும் டங்.

போன வருடம் நானும் அடியில் படுத்துப் பூசினேன். குழலைச் சட்டத்துக்குள் விட்டு விசையை அழுத்தும்போது, நாலடி தள்ளி இன்னொரு ஓட்டையிலிருந்து புகைமாதிரி பூச்சு வெளியே வந்தது. உள்ளே வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். மென்பொருள் எழுதி இப்படி ஒரு திருப்தி கிடைத்து நாளாயிற்று.

ஆனால் டிரக்கின் அடியோடு இந்த உப்பு நிற்பதில்லை. ஏப்ரல் மாதம் எல்லாம் கரைந்து ஆற்றுக்குப் போகிறது. டெட்ராய்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஃபிளின்ட். 2014 ஏப்ரலில் செலவை மிச்சப்படுத்த, அந்த ஊரின் குடிநீரை டெட்ராய்டிலிருந்து வரும் ஏரித் தண்ணீரிலிருந்து ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். ஆற்றுத் தண்ணீரில் குளோரைடு அதிகம். சாலை உப்பு ஒரு காரணம், சுத்திகரிப்பில் சேர்த்த ஃபெரிக் குளோரைடு இன்னொன்று. குழாய்களின் உட்சுவரில் காப்புப் படலம் உண்டாக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்காமல் விட்டார்கள். வண்டிக்கு நாம் பூசுவது போலத் தண்ணீர்க் குழாய்க்கும் ஒரு பூச்சு தேவை. அது இல்லாமல் போனதும் பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் இறங்கியது.

அந்தத் தண்ணீர் உலோகத்தை அரிக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் ஊரிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின் ஆலை. கழுவும் இன்ஜின் பாகங்கள் துருப்பிடித்தன. ஆலை கேட்டுக்கொண்டது, அனுமதி கிடைத்தது. 2014 அக்டோபரிலேயே பக்கத்து டவுன்ஷிப்பின் ஏரித் தண்ணீருக்கு மாறிக்கொண்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அதே ஆற்றுத் தண்ணீரை இன்னும் ஒரு வருடம் குடித்தார்கள். அவர்களுக்கு டெட்ராய்ட் தண்ணீர் திரும்ப வந்தது 2015 அக்டோபரில்.