வாஞ்சி கையில் இருந்த துப்பாக்கி

செராமிக் பொம்மைக்குப் பேர்போன எங்க விருத்தாசலத்துல, ஜங்ஷனில் நெல்லை வண்டிக்குக் காத்திருக்கும்போதெல்லாம் வழியில் வரப்போற மணியாச்சி ஞாபகம்தான் எனக்கு.

1911 ஜூன் 17. மணியாச்சியில் நின்ன ரயில்பெட்டியில் மனைவியோடு இருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பிறகு ஸ்டேஷன் கழிப்பறைக்குள் போய்த் தன்னையே சுட்டுக்கொண்டார்.

கையில் இருந்தது பெல்ஜியத்து பிரௌனிங் பிஸ்டல். சின்ன வயசில் அதை ஏதோ அபூர்வ ஆயுதம்னு நினைச்சிருந்தேன். அப்படியெல்லாம் இல்லீங்க. ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைக்க, ஹெர்ஸ்டல் ஊர் எஃப்.என். ஆலை லட்சக்கணக்கில் செய்து தள்ளிய கடைச்சரக்கு. ரிவால்வர் மாதிரி உருளை கிடையாது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். ஒருமுறை சுட்டால் அந்த வேகத்திலேயே காலிக்கூடு தெறிச்சு, அடுத்த தோட்டா தானா ஏறிடும். தட்டையானது, கோட்டுப் பையில் அடங்கும்.

1909ல் ஹார்பினில் இட்டோ ஹிரோபுமியைக் கொரியாவின் ஆன் ஜுங்-கியுன் சுட்டதும் பிரௌனிங். அதே வருஷம் நாசிக்கில் ஜாக்சனை கன்ஹரே சுட்டதும் பிரௌனிங். லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய 20 பிஸ்டல்கள், பெட்டியின் கள்ள அடித்தட்டில் ஒளிஞ்சு வந்தவை.

ஏன் அதே துப்பாக்கி? 1878 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம இந்தியர் ஆயுதம் வச்சிருக்க முடியாது. ஐரோப்பாவில் கடையில் வாங்கலாம். இங்கே கொண்டுவர ஒளிக்கணும். ஆக, இவங்க தேர்ந்தெடுத்தாங்கன்னு சொல்றதைவிட, அந்தச் சட்டமே தேர்ந்தெடுக்க வச்சதுன்னு சொல்லலாம்.

இப்போ ஸ்டேஷன் பேரே வாஞ்சி மணியாச்சி. அந்தப் போர்டைத் தாண்டும்போது துப்பாக்கி மேல பிரமிப்பு வர்றதில்ல. 25 வயசுப் பையனும், கண்ணெதிரே கணவனை இழந்த அந்தம்மாவும்தான் நினைவுக்கு வர்றாங்க.