மடோனா முதல் பியான்சே வரை: ஒரு அட்டையின் கதை

பத்திரிகை அட்டையில நடிகை படமோ பாடகி படமோ வந்தா நமக்கு அது ஒரு விஷயமே இல்லை. சின்ன வயசுலேர்ந்து பார்த்துப் பழகினதுதானே. ஆனா அமெரிக்க ஃபேஷன் பத்திரிகைகள்ல ரொம்ப காலத்துக்கு அப்படி இல்லை. ஒரு பாப் பாடகியை அட்டையில போடுறதை கௌரவக் குறைச்சலா நினைச்சவங்க நிறைய பேர் இருந்தாங்க. இப்போ நிலைமை தலைகீழ். பெரிய பாடகி சம்மதிச்சா பத்திரிகைக்குத்தான் கொண்டாட்டம்.

நடுவுல என்ன நடந்துச்சு? எல்லாப் பத்திரிகையையும் இழுத்தா பதிவு தாங்காது. அதனால 'வோக்' ஒண்ணை மட்டும் எடுத்துக்கறேன். (எங்க பல்கலைக்கழக நூலகத்துல பழைய இதழ்களை வருஷவாரியா பைண்ட் பண்ணி வச்சிருக்காங்க. படிக்க வேண்டியதை விட்டுட்டு இதைப் புரட்டினதோட விளைவு இந்தப் பதிவு. எங்க கைடுக்குத் தமிழ் தெரியாதுங்கற தைரியம்தான் :-))

பெரிய வீட்டுப் பெண்கள்

வோக், 1892-ல நியூயார்க்கில் ஆர்தர் டர்ன்யூர் என்பவர் ஆரம்பிச்ச வாரப் பத்திரிகை. ஊர்ல இருந்த பெரிய மனுஷங்களுக்காக, பெரிய மனுஷங்களே நடத்தினதுன்னு சொல்லலாம். முதல் இதழின் அட்டையில இருந்ததே, விருந்துகளுக்கு முதல் தடவையா அழைச்சுட்டு வந்து அறிமுகப்படுத்தப்படும் ஒரு பணக்கார வீட்டுப் பெண்ணோட ஓவியம்தான்.

1909-ல காண்டே நாஸ்ட் இதை வாங்கினார். அவரோட கணக்கு எளிமையானது. ஊரே படிக்கணும்னு அவசியமில்லை, செலவு பண்ணக்கூடியவங்க படிச்சா போதும். விளம்பரக்காரங்க தானா தேடி வருவாங்க.

பல வருஷம் அட்டைக்கு ஓவியம்தான். 1932 ஜூலை இதழ்லதான் முதல் வண்ணப் புகைப்படம் அட்டைக்கு வந்துச்சு. எட்வர்ட் ஸ்டைக்கன் எடுத்த படம், நீச்சல் உடையில பந்தைத் தூக்கிப் பிடிச்சிருக்கும் ஒரு பெண். அவங்க பேர் என்னன்னு வாசகருக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை. உடை எப்படி இருக்கு, நிற்கிற தோரணை எப்படி இருக்கு, அவ்வளவுதான் விஷயம்.

பாடகிகளே வரலைன்னு சொல்ல முடியாது. 1966-ல பார்பரா ஸ்ட்ரைசண்ட் வந்தாங்க. 1970-கள்ல ஷேர் பல தடவை வந்தாங்க. ஆனா அதெல்லாம் அங்கொண்ணும் இங்கொண்ணும். பொதுவா அட்டை மாடல்களோட இடம். அதுலயும் வெள்ளைக்கார மாடல்களோட இடம். அமெரிக்க வோக் அட்டைக்கு ஒரு கறுப்பினப் பெண் வர்றதுக்கு 1974 ஆகஸ்ட் வரை ஆச்சு. அவங்க பெவர்லி ஜான்சன். பத்திரிகை ஆரம்பிச்சு 82 வருஷம் கழிச்சு!

விமானத்துல பக்கத்து சீட்டுக்காரர்

1985-ல பிரான்ஸ்லேர்ந்து 'எல்' பத்திரிகை அமெரிக்காவுக்கு வந்து கடை போட்டது. இளசுகள் அந்தப் பக்கம் போக ஆரம்பிச்சாங்க. வோக் முதலாளிகளுக்கு உதறல். 17 வருஷம் ஆசிரியரா இருந்த கிரேஸ் மிராபெல்லாவை 1988-ல அனுப்பிட்டு, அன்னா வின்டரைக் கொண்டு வந்தாங்க.

அவங்களோட முதல் அட்டை 1988 நவம்பர். மிக்கேலா பெர்க்கு என்ற மாடல். மேலே கிறிஸ்டியன் லாக்ரோவாவோட விலை உயர்ந்த கல்லு வச்ச ஜாக்கெட், கீழே சாதாரண ஜீன்ஸ். அச்சகத்துலேர்ந்து போன் பண்ணி, "தப்பா எதுவும் அனுப்பிட்டீங்களா?"ன்னு கேட்டாங்களாம். வின்டரே பின்னாடி சொன்ன கதை இது.

ஆனா என்னைக் கேட்டா உண்மையான திருப்பம் அது இல்லை. 1989 மே இதழ்தான். அட்டையில மடோனா. படம் எடுத்தவர் பாட்ரிக் டெமார்ஷெலியே.

அந்த வருஷம் மடோனா எப்படி இருந்தாங்கன்னு பார்க்கணும். மார்ச் மாசம் 'லைக் எ பிரேயர்' வீடியோ வந்து, எரியும் சிலுவைகளைப் பார்த்து மத அமைப்புகள் கொதிச்சுப் போயிருந்த நேரம். பெப்சி கம்பெனி அவங்களை வச்சு எடுத்த விளம்பரத்தையே வேண்டாம்னு நிறுத்திடுச்சு. குளிர்பானம் விக்கிறவனே பயந்து ஒதுங்கின ஆளை, சீமாட்டிகள் பத்திரிகை அட்டையில போட்டது!

இதுக்கும் வின்டர் ஒரு காரணம் சொல்லியிருக்காங்க. ஒரு விமானப் பயணத்துல பக்கத்து சீட்டுக்காரர், வோக்குக்குன்னு ஒரு பாரம்பரியம் இருக்கு, அதுல மடோனாவைப் போடுறது சரிப்படாதுங்கற மாதிரி பேசினாராம். அப்போ போட்டே ஆகணும்னு தோணிச்சாம். அந்த மனுஷன் வாயை மூடிக்கிட்டு வந்திருந்தா வரலாறே மாறியிருக்குமோ என்னவோ :-)

கடைக் கணக்கு

வாய்க்கொழுப்பு ஒரு பக்கம். வியாபாரக் கணக்கு இன்னொரு பக்கம். சந்தாதாரர் வருஷத்துக்கு ஒரே தடவை காசு கட்டிட்டார்னா அட்டையில யார் இருந்தாலும் பத்திரிகை வீட்டுக்கு வந்துடும். கடையில வாங்குறவர் அப்படி இல்லை. சூப்பர்மார்க்கெட்ல பில் போட வரிசையில நிக்கும்போது சில நொடிகள்ல முடிவு பண்றார். முழு விலை கொடுக்கறவரும் அவர்தான். விக்காத பிரதிகளைக் கடைக்காரர் கழிச்சுக்குவார், நஷ்டம் பதிப்பாளருக்கு. ஆக, அந்தச் சில நொடிகள்ல கண்ணை இழுக்கும் முகம் வேணும். பேர் தெரியாத அழகியை விட, டிவியில தினம் பார்க்கிற முகம் வேகமா இழுக்கும். இதுதான் சூட்சுமம்.

மாடல்கள் உடனே தோத்துடலை. 1990 ஜனவரி பிரிட்டிஷ் வோக் அட்டையில பீட்டர் லிண்ட்பெர்க் எடுத்த படத்துல நவோமி கேம்பெல், லிண்டா இவாஞ்செலிஸ்டா, சிண்டி கிராஃபோர்ட், கிறிஸ்டி டர்லிங்டன், டாட்யானா பாட்டிட்ஸ்னு அஞ்சு பேர். அதைப் பார்த்துட்டு ஜார்ஜ் மைக்கேல் தன்னோட 'ஃப்ரீடம் 90' வீடியோவுக்கு அந்த அஞ்சு பேரையும் கூப்பிட்டார். பாட்டு அவருடையது, முகம் அவங்களுடையது. அவர் அதுல தலைகாட்டவே இல்லை. மாடல்களே பாப் நட்சத்திரங்களா இருந்த கொஞ்ச காலம் அது.

அதே 1990-ல மடோனாவோட 'வோக்' பாட்டும் வந்து சக்கைப்போடு போட்டுச்சு. அந்த ஆட்டத்துக்குப் பேரே இந்தப் பத்திரிகையிலேர்ந்து வந்ததுதான். நியூயார்க் ஹார்லெம் பகுதியில கறுப்பின, லத்தீன் ஓரினச்சேர்க்கையாளர்களும் திருநங்கைகளும் நடத்தின போட்டி நடனங்கள்ல, பத்திரிகை மாடல்கள் நிற்கிற மாதிரியே நின்னு ஆடினாங்க. அந்த அட்டைக்குள்ள நுழையவே முடியாதவங்க, அட்டையோட தோரணையை எடுத்துக்கிட்டாங்க. அதை உலகம் பூரா கொண்டு போய்ப் பேர் வாங்கினது, அட்டையில இடம் கிடைச்ச ஒரு பாடகி. இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு சங்கடமாத்தான் இருந்துச்சு.

உள்ளே வர ஒரு விலை

1994-ல 'இன்ஸ்டைல்' வந்துச்சு. நட்சத்திரங்கள் என்ன உடுத்தறாங்க, வீடு எப்படி இருக்குன்னு காட்டுறதுக்குன்னே ஒரு பத்திரிகை. அது ஓட ஓட மத்தவங்களும் அந்த வழிக்கே வந்தாங்க. 1998-ஐ மட்டும் பாருங்க. வோக் அட்டையில ஜனவரியில ஸ்பைஸ் கேர்ள்ஸ், அக்டோபர்ல ஓப்ரா வின்ஃப்ரே, டிசம்பர்ல ஹிலாரி கிளின்டன்.

ஆனா கதவு சும்மா திறக்கலை. படம் எடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் எடை குறைச்சா நல்லா இருக்கும்னு ஓப்ராகிட்ட சொன்னதா வின்டரே பின்னாடி டிவி பேட்டியில ஒத்துக்கிட்டாங்க. ஓப்ராவும் குறைச்சாங்க. அமெரிக்காவுலேயே செல்வாக்கான பெண்கள்ல ஒருத்தர், ஒரு அட்டைக்காக உடம்பை மாத்திக்கிட்டாங்கன்னா அப்போ அந்த அட்டைக்கு இருந்த பவர் என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

தராசு சாய்ஞ்ச கதை

2012 செப்டம்பர், வோக்கோட 120-வது ஆண்டு இதழ். 916 பக்கம். தலைக்கு வச்சுத் தூங்கலாம். அந்த அட்டைக்கு எந்த மாடலையும் போடலை, லேடி காகாவைப் போட்டாங்க. மடோனாவைப் போடலாமான்னு யோசிச்ச பத்திரிகை 23 வருஷத்துல இந்த இடத்துக்கு வந்திருந்துச்சு.

அதுக்கப்புறம் போன் வந்து கடை வியாபாரத்தை சாப்பிட்டுடுச்சு. ரசிகர்கிட்ட நேரா போய்ச் சேர நட்சத்திரத்துக்கு இன்ஸ்டாகிராம் போதும், நடுவுல ஆசிரியர் எதுக்கு? 2015 செப்டம்பர் வோக் அட்டையில பியான்சே இருந்தாங்க. உள்ளே பேட்டி கிடையாது! ஒரு கேள்விக்குக் கூட அவங்க பதில் சொல்லலை. மார்கோ ஜெஃபர்சன் என்ற விமர்சகரை வச்சு ஒரு கட்டுரை எழுதி வாங்கிப் போட்டாங்க.

2018 செப்டம்பர்ல மறுபடி பியான்சே. இந்தத் தடவை படங்களோட வந்தது அவங்களே தன்மையில பேசுற வார்த்தைகள். எழுதி வாங்கினவர் ஒரு பத்திரிகையாளர், ஆனா குரல் முழுக்க பியான்சேவோடது. பிரசவத்துக்கு அப்புறம் தன் உடம்பு எப்படி மாறுச்சு, அதை ஏன் அப்படியே ஏத்துக்கிட்டேன்னு பேசியிருப்பாங்க. ஓப்ரா கதைக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க, 20 வருஷ தூரம் தெரியும். படம் எடுத்தவர் டைலர் மிட்செல், வயசு 23. அமெரிக்க வோக் அட்டைப்படம் எடுத்த முதல் கறுப்பினப் புகைப்படக்காரர். அட்டையில ஒரு கறுப்பினப் பெண் வர 82 வருஷம். கேமராவுக்குப் பின்னாடி ஒருத்தர் வர இன்னும் 44 வருஷம். அதே மாசம் பிரிட்டிஷ் வோக் அட்டையில ரிஹானா. 1916-ல ஆரம்பிச்ச அந்தப் பத்திரிகையோட செப்டம்பர் இதழ் அட்டைக்கு ஒரு கறுப்பினப் பெண் வந்தது அதுதான் முதல் தடவை.

இதுல எனக்கு ரெண்டு மனசு. பாடகிகளும் டிவிக்காரங்களும் வந்ததாலதான் அந்த அட்டை கொஞ்சமாவது நிஜ உலகம் மாதிரி ஆச்சு. பத்திரிகை தானா மனசு மாறி யாருக்கும் கதவைத் திறக்கலை. அவங்களை விட்டா விக்காதுங்கற நிலைமை வந்தப்புறம்தான் திறந்துச்சு. அதுல எனக்கு சந்தேகமே இல்லை.

ஆனா மறுபக்கமும் இருக்கு. மடோனா காலத்துல ஆசிரியர் ரிஸ்க் எடுத்தார், நிருபர் கேள்வி கேட்டார். இப்போ பெரிய நட்சத்திரம் தன் படத்தையும் தன் வார்த்தையையும் தானே முடிவு பண்ணிட்டா, பத்திரிகை அச்சடிச்சுக் கொடுக்கிற இடமா மட்டும் ஆயிடும். யாரை உள்ளே விடணும்னு ஒரு சின்னக் கூட்டம் முடிவு பண்ணினது தப்புதான். அதுக்காக யாரும் யாரையும் எதுவும் கேட்காம இருக்கறதும் சரியான்னு தெரியலை.

நட்சத்திர அட்டைக்கு வழிகாட்டின இன்ஸ்டைல் 2022-ல அச்சை நிறுத்திடுச்சு. வோக் ஆசிரியர் நாற்காலியை வின்டரும் 2025-ல விட்டுட்டாங்க, மேலே பெரிய பொறுப்புல தொடர்ந்தாலும். அட்டைங்கற ஒண்ணுக்கு இன்னும் எத்தனை வருஷம் மதிப்பு இருக்கும்னு நினைக்கிறீங்க? கேள்வி கேட்கிற பத்திரிகை, நட்சத்திரமே நடத்துற பக்கம், ரெண்டுல ஒண்ணுதான்னா உங்க ஓட்டு எதுக்கு? சொல்லிட்டுப் போங்க.