வக்கீல் விலகிக்கொள்ளும் விதி

1990-ஆம் ஆண்டு, ஜனவரி முதல் நாள். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரத்துக் குடும்ப வழக்கறிஞர் ஸ்டூ வெப் ஒரு முடிவெடுத்தார்: இனி விவாகரத்து வழக்காடக் கோர்ட் படியேறுவதில்லை. பேசித் தீர்த்துக்கொள்ள முன்வருகிறவர்களுக்கு மட்டுமே வக்கீல். 'கொலாபரேட்டிவ் லா' என்று அதற்குப் பெயர் வைத்தார். கூடிப்பேசித் தீர்க்கும் முறை என்று நாம் சொல்லலாம்.

பல வருடம் வழக்காடிச் சலித்துப்போய், தொழிலையே விட்டுவிடலாமா என்று யோசித்தவர் அவர். யார் குற்றவாளி என்று நிரூபிக்காமலே மணமுறிவு பெறும் சட்டம் 1970-களிலேயே அந்த மாநிலத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் சண்டை ஓயவில்லை. பிள்ளை யாரிடம், வீடு யாருக்கு, ஜீவனாம்சம் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் மனு, எதிர்மனு, வாய்தா. தீர்ப்பு வந்த மறுநாளும் அந்த இருவரும் அதே பிள்ளைக்குத் தாயும் தகப்பனும்தான். அதற்குள் முகம் கொடுத்துப் பேச முடியாதபடி ஆகியிருப்பார்கள்.

நடுவரை வைத்துப் பேசும் சமரச முறை அப்போதே இருந்தது. ஆனால் நடுவர் எந்தப் பக்கத்துக்கும் யோசனை சொல்லக் கூடாது. வக்கீல்களின் அறிவும் தொடக்கத்திலேயே கிடைப்பதில்லை. அது ஒரு குறை என்று வெப் கருதினார். சில வழக்குகளில் மட்டும் கணவனும் மனைவியும் இரு வக்கீல்களும் நல்ல மனதோடு ஒரே மேசையில் உட்கார, யாரும் எதிர்பாராத நல்ல வழி பிறந்ததையும் பார்த்திருந்தார். அந்தச் சூழலை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் நாமே உண்டாக்கினால் என்ன? பிப்ரவரி 14 அன்று மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ. எம். கீத்துக்கு எழுதிய கடிதத்தில் அவர் விளக்கியது இந்த யோசனையைத்தான்.

இதற்கு உயிர் கொடுப்பது ஒரே விதி. பேச்சு முறிந்து யாராவது கோர்ட்டுக்குப் போனால், இரண்டு வக்கீல்களும் விலகிவிட வேண்டும். தம்பதி புதிய வக்கீல்களைத் தேடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நால்வரும் முதலிலேயே இதற்குக் கையெழுத்திடுகிறார்கள். பேச்சு முறிந்தால் வக்கீலுக்கு அந்த வழக்கில் வேலை இல்லை. அதனால் அவருடைய முழுத் திறமையும் உடன்பாட்டைத் தேடுவதிலேயே இறங்குகிறது. 'கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்' என்ற மிரட்டலுக்கும் மதிப்பில்லாமல் போகிறது.

நடைமுறை எளிது. நால்வரும் பலமுறை கூடிப் பேசுவார்கள். வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் இரு தரப்பும் மறைக்காமல் எடுத்து வைக்க வேண்டும். உடன்பாடு எழுத்தானதும் அதை நீதிமன்றத்தில் கொடுத்து ஆணை பெறுவார்கள். கலிபோர்னியாவில் உளவியலாளர் பெகி தாம்சன், வழக்கறிஞர் பாலின் டெஸ்லர் போன்றோர் இதைக் குழு வேலையாக வளர்த்தார்கள். கோபத்தையும் துயரத்தையும் தாங்கிப் பேசக் கற்றுத்தரும் மனநல ஆலோசகர், பிள்ளையின் மனதைக் கேட்டு வந்து சொல்லும் குழந்தை நிபுணர், இருவருக்கும் பொதுவான நிதி ஆலோசகர் ஆகியோர் வக்கீல்களோடு சேர்ந்தார்கள்.

எதிர்ப்பும் வந்தது. கட்சிக்காரரை நடுவழியில் விடுவதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்வது தொழில் தர்மமா? கூடாது என்றது 2007-இல் கொலராடோ வழக்கறிஞர் சங்கம். எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிக் கட்சிக்காரர் சம்மதித்தால் சரிதான் என்று அதே ஆண்டில் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் கருத்துரைத்தது. அதற்கு முன்பே, 2001-இல், டெக்சாஸ் இதற்குத் தனிச்சட்டம் இயற்றியிருந்தது. மாநிலங்களுக்குப் பொதுவான மாதிரிச் சட்டம் 2009-இல் உருவாயிற்று.

எல்லாத் தம்பதிக்கும் இது பொருந்தாது. அடி உதைக்கு அஞ்சி வாழ்ந்தவரை அடித்தவர் எதிரில் உட்கார வைத்துப் பேரம் பேசச் சொல்வது அநியாயம். அதனால்தான் மாதிரிச் சட்டம், வன்முறையோ மிரட்டலோ இருந்ததா என்று வக்கீல் முதலிலேயே விசாரிக்கச் சொல்கிறது. சொத்தை ஒளிப்பவரோடும் இது நடக்காது. பேச்சு முறிந்தால் செலவும் கூடும்.

ஆனால், பிரிய முடிவு செய்தும் பிள்ளைக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கும் இருவருக்கு இதைவிடக் கண்ணியமான வழியை நான் அறியேன். வக்கீல் தன் கையை முதலில் கட்டிக்கொண்டதால் பிறந்த வழி இது.