திசாநாயக்க, காமினி (1942–1994)

இலங்கை அரசியல்வாதி, மகாவலி அபிவிருத்தி அமைச்சர், 1981 முதல் 1989 வரை இலங்கை கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபைத் தலைவர். நாட்டுக்கு டெஸ்ட் தகுதி பெற்றுத் தந்தவர் என்று கிரிக்கெட் ரசிகர்கள் இவரை நினைவுகூருகின்றனர். யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அந்நகரில் இருந்த அமைச்சர் என்றே தமிழர் நினைவில் இவர் இருக்கிறார். இரண்டும் 1981இல், இரண்டு மாத இடைவெளிக்குள் நிகழ்ந்தவை.

கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்று சட்டத்தரணியானார். 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி சார்பில் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1977இல் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் முதலாவதாக வந்தார். இரண்டாமவர் அனுர பண்டாரநாயக்க. மூன்றாமவர் மலையகத் தோட்டத் தொழிலாளரின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான்.

ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தன இவரிடம் மகாவலி அபிவிருத்தித் திட்டத்தை ஒப்படைத்தார். முப்பது ஆண்டுகளுக்கென வகுக்கப்பட்ட பணி ஆறு ஆண்டுகளாகச் சுருக்கப்பட்டது. கொத்மலை அணைக்கு சுவீடனும், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜெர்மனியும், விக்டோரியாவுக்கு பிரித்தானியாவும் பணம் தந்தன. 122 மீட்டர் உயர விக்டோரியா அணையை 1985இல் மார்கரெட் தாட்சர் திறந்துவைத்தார். பழைய தெல்தெனிய நகரம் அதன் நீருக்கடியில் போனது. திட்டம் மின்சாரமும் பாசனமும் தந்தது. தமிழர் வாழ்நிலங்களின் குடிப்பரம்பலை மாற்றவும் அது பயன்பட்டது என்று தமிழ்க் கட்சிகள் குற்றஞ்சாட்டின. மணலாற்றுக் குடியேற்றம் அதற்கு அவை காட்டும் முதல் சான்று.

மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலை முன்னிட்டு 1981 மே மாத இறுதியில் இவரும் அமைச்சர் சிறில் மத்தியூவும் யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்தனர். மே 31 இரவு தொடங்கிய பொலிஸ் வன்முறையில் பொது நூலகமும் தீக்கிரையானது. ஏறத்தாழ 97,000 நூல்களும் மீளப்பெற முடியாத ஓலைச்சுவடிகளும் அழிந்தன. இவருடைய பங்கு எத்தகையது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இவருக்கும் கட்சிக்காரரான லலித் அத்துலத்முதலிக்கும் இதில் நேரடித் தொடர்பு இருந்ததாக 1991இல் ஜனாதிபதி பிரேமதாச பகிரங்கமாகக் கூறினார். அவரை எதிர்த்து இவர் அணி திரட்டிய காலம் அது என்பதையும் சேர்த்தே அக்கூற்றை எடைபோட வேண்டும். அமைச்சர்கள் அங்கிருந்தார்கள் என்பதை எவரும் மறுப்பதில்லை.

அதே ஆண்டு ஜூலை 21 அன்று லோர்ட்ஸில் கூடிய சர்வதேச கிரிக்கெட் மாநாடு இலங்கைக்கு முழு உறுப்புரிமை வழங்கியது. முந்தைய விண்ணப்பங்கள் தட்டிக்கழிக்கப்பட்டிருந்தன. இம்முறை வாதாடியவர் இவர். 1975 உலகக் கிண்ணத்தில் ஆஸ்திரேலியாவின் 328 ஓட்டங்களைத் துரத்தி 276 எடுத்ததும், 1979இல் இந்தியாவை வென்றதும் அணியின் பக்கம் நின்ற சான்றுகள்.

முதல் டெஸ்ட் 1982 பெப்ரவரி 17 அன்று இங்கிலாந்துக்கு எதிராகக் கொழும்பில் தொடங்கியது. களம், தமிழ் யூனியன் கழகத்தின் பி. சரவணமுத்து மைதானம், ஒரு தமிழ் அரச அதிகாரியின் பெயர் தாங்கியது. பள்ளி மாணவனாக இருந்த அர்ஜுன ரணதுங்க 54 ஓட்டங்கள் எடுத்தார். இலங்கையின் முதல் டெஸ்ட் அரைச்சதம் அது. இரண்டாம் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 167 என்று நிமிர்ந்து நின்ற அணி, ஜோன் எம்புரியின் சுழலில் 175இல் சுருண்டது. கடைசி ஏழு விக்கெட்டுகளுக்கு எட்டே ஓட்டங்கள். இங்கிலாந்து ஏழு விக்கெட்டுகளால் வென்றது.

அவ்வாண்டு இறுதியில் முதல் டெஸ்ட் தலைவர் பந்துல வர்ணபுர உட்பட ஒரு குழுவினர் தடையை மீறி, நிறவெறித் தென்னாபிரிக்காவுக்கு ஆடச் சென்றனர். இவருடைய சபை அவர்களுக்கு 25 ஆண்டுத் தடை விதித்தது. கொள்கைக்கு உகந்த முடிவு என்றும், வருவாயற்ற ஆட்டக்காரர் மீது மிகையான தண்டனை என்றும் இரு கருத்துகள் உண்டு. தடை பின்னாளில் நீக்கப்பட்டது. முதல் டெஸ்ட் வெற்றி 1985இல், அதே சரவணமுத்து மைதானத்தில், இந்தியாவுக்கு எதிராகக் கிட்டியது. 1987 ஏப்ரல் கொழும்பு குண்டுவெடிப்பால் நியூசிலாந்துப் பயணம் இடையில் முறிந்தது. அதன்பின் 1992 வரை தீவில் டெஸ்ட் ஆட்டம் எதுவும் நடைபெறவில்லை.

1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை அமைச்சரவைக்குள் ஆதரித்த சிலருள் இவரும் ஒருவர். 1991இல் லலித் அத்துலத்முதலியுடன் சேர்ந்து பிரேமதாசவுக்கு எதிராகக் கொண்டுவந்த குற்றப்பிரேரணை தோற்றது; இருவரும் புதுக்கட்சி தொடங்கினர். பின்னர் தாய்க்கட்சிக்குத் திரும்பி 1994இல் எதிர்க்கட்சித் தலைவரானார். ஜனாதிபதி வேட்பாளராகப் பிரசாரம் செய்தபோது, அக்டோபர் 23 நள்ளிரவைத் தாண்டிய வேளையில் கொழும்பு தொட்டலங்கவில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உடன் மாண்டனர். தாக்குதல் விடுதலைப் புலிகள் மீது பரவலாகச் சாட்டப்படுகிறது. மனைவி சிறிமா அவருக்குப் பதிலாகப் போட்டியிட்டுத் தோற்றார். மகன் நவீன் 2015இல் விளையாட்டுத்துறை அமைச்சரானார்.

2016 டிசம்பரில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, நூலக எரிப்புக்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.