பாண்டிச்சேரி மாதிரி: வரைபடமும் சட்டமும்

1987 இலங்கை - இந்திய ஒப்பந்தத்தின் பின்னர், நிலத்தொடர்பற்ற முஸ்லிம் மாகாணம் பற்றி எம்மவர் பேசியபோதெல்லாம் 'பாண்டிச்சேரி மாதிரி' என்ற சொல்லும் கூடவே வந்தது. சிதறிக் கிடக்கும் ஊர்களை ஓர் ஆட்சியின் கீழ் கொண்டுவரலாம் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. அந்தச் சாட்சி சொல்வது முழுவதையும் நாம் கேட்டோமா என்பதே கேள்வி.

சோழமண்டலக் கரையில் பாண்டிச்சேரியும் காரைக்காலும், கோதாவரி முகத்துவாரத்தை அண்டி ஏனாம், மலபார்க் கரையில் மாஹி. பிரெஞ்சு ஆட்சியே இவற்றை இணைத்த கயிறு. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1956இன் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் சட்டபூர்வமாக நடைமுறைக்கு வந்தது.

1963இன் சட்டம் சட்டசபையைத் தந்தது. இன்று தெரிவாகும் 30 உறுப்பினர்களில் பாண்டிச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹிக்கும் ஏனாமுக்கும் ஒவ்வொன்று. 1965இன் மொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கிய அதேவேளை, மாஹியில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடமளித்தது. நீண்டகாலம் மாஹிப் பள்ளிகள் கேரளத்தின் பாடத்திட்டத்தையும், ஏனாம் பள்ளிகள் ஆந்திராவின் பாடத்திட்டத்தையும் பின்பற்றின. சிறிய துண்டு பெரிய துண்டின் மொழிக்குள் கரைந்துவிடவில்லை. இதுவே அம்மாதிரியின் பெறுமதி.

மறுபக்கமும் உண்டு. ஒன்றிய ஆட்சிப்புலமான இதற்குச் சட்டசபையைத் தந்தது பாராளுமன்றம் இயற்றிய சாதாரண சட்டமே. துணைநிலை ஆளுநர் மத்தியின் நியமனம். மூவர் வரை உறுப்பினர்களையும் மத்தி நியமிக்கலாம். 2017இல் மாநில அமைச்சரவையைக் கேளாமலே மூவர் நியமிக்கப்பட்டனர்; அது செல்லுமென 2018 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 30 பேரை மக்கள் தெரிவுசெய்யும் சபையில் மூவர் என்பது அற்பமான எண்ணிக்கையன்று.

ஜனாதிபதி நியமிக்கும் மாகாண ஆளுநரைக் கண்ட எமக்கு இது புதிய கதையல்ல. வரைபடத்தில் தொலைவான ஊர்களை இணைத்துக் கோடு வரைவது எளிது. கொடுத்த அதிகாரத்தை மீளப்பெறும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையே முதலில் வாசிக்க வேண்டும். பாண்டிச்சேரியிடம் நாம் வரைபடத்தைக் கேட்டோம். சட்டத்தையும் கேட்டிருக்க வேண்டும்.